வயதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

2013 செப்டம்பர் 15 அன்று ஸ்பெயின் சைக்கிள் சுற்றுப் பந்தயமான ‘வுவெல்டா’ மாட்ரிட் நகரில் முடிந்தது. வெற்றியாளருக்கான சிவப்பு ஜெர்சியில் மேடையேறியவர் அமெரிக்காவின் கிறிஸ் ஹார்னர். வயது 41. மூன்று வாரம் நீண்ட அந்தப் பந்தயத்தில் அவர் பின்னுக்குத் தள்ளியது, அதே ஆண்டு இத்தாலியின் ‘ஜீரோ’ பட்டத்தை வென்றிருந்த 28 வயது வின்சென்சோ நிபாலியை. இருவருக்கும் இடைவெளி 37 விநாடி. டூர் டி பிரான்ஸ், ஜீரோ, வுவெல்டா ஆகிய மூன்று பெரும் சுற்றுகளில் எதையும் அதுவரை 36 வயதுக்கு மேல் யாரும் வென்றதில்லை. 1922-ல் டூரை வென்ற பெல்ஜியத்தின் ஃபிர்மான் லாம்போவின் அந்தச் சாதனை 91 ஆண்டுகள் நின்றிருந்தது.

பாராட்டை முந்திக்கொண்டு சந்தேகம் வந்தது. எந்தப் பெரும் சுற்றிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வராத ஒருவர், நாற்பதைத் தாண்டிய பிறகு மலையேற்றத்தில் இளைஞர்களை எப்படி உதறினார் என்று கேட்டார்கள். பட்டம் வென்ற மறுநாள் காலை சோதனை அதிகாரிகள் வேறொரு விடுதிக்குப் போய் அவரைக் காணாமல் திரும்பினார்கள். அது பெரிய செய்தியானது. இருப்பிட மாற்றத்தை அவர் முறைப்படி தெரிவித்திருந்தார் என்ற விளக்கம் அந்த அளவுக்குப் பரவவில்லை. ஹார்னர் தன் பல ஆண்டு ரத்த அளவுகளைப் பொதுவெளியில் வைத்தார். அந்த எண்களை வைத்தும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அவர் மீது ஊக்கமருந்துத் தண்டனை எதுவும் கிடையாது. ஆனாலும், ஒரு பெரும் சுற்றின் நடப்பு வெற்றியாளருக்கு அடுத்த ஜனவரி வரை அணி கிடைக்கவில்லை.

11 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 14. பிரெனே மலைத்தொடரில் பிளாத்தோ தெ பெய் ஏற்றத்தை ஸ்லோவேனியாவின் ததே பொகாச்சார் கடந்தார். வயது 25. அதே ஏற்றத்தில் 1998-ல் இத்தாலியின் மார்கோ பந்தானி எடுத்துக்கொண்ட நேரத்தைவிட மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைவு. பந்தானியின் காலம் ஊக்கமருந்து கொடிகட்டிப் பறந்த காலம். அந்த வேகத்தையே ஒருவர் தாண்டிவிட்டார் என்றதும் மறுபடியும் முணுமுணுப்பு எழுந்தது. பொகாச்சாரும் இதுவரை எந்தச் சோதனையிலும் சிக்கியவர் அல்ல.

ஒருவர்மீது ‘இந்த வயதிலுமா?’ என்ற சந்தேகம். மற்றவர்மீது ‘இந்த வயதிலேயேவா?’ என்ற சந்தேகம். இவர்கள் இருவருக்கும் நடுவில், முப்பதைத் தாண்டி வேகம் குறைந்தவர்களுக்கு ‘வயதாகிவிட்டது’ என்று ஒரு வரியில் முடிவுரை எழுதிவிடுகிறோம். மூன்று தீர்ப்புகளும் நம்புவது ஒரே சாட்சியை. சைக்கிள் பந்தய வரலாற்றில் அந்தச் சாட்சி பலமுறை பொய் சொல்லியிருக்கிறது.

தளர்ச்சி ஒரே மாதிரி வருவதில்லை

முதலில் உடலியலைப் பார்த்துவிடலாம். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே நெடுந்தொலைவு வீரரின் அடிப்படை மூலதனம். ‘விஓ2 மேக்ஸ்’ என்று இதை அழைக்கிறார்கள். முப்பது வயதுக்குப் பிறகு சாதாரண மனிதர்களுக்கு இது பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. கடும் பயிற்சியைத் தொடர்பவர்களுக்குக் குறைவது ஏறக்குறைய அதில் பாதிதான். இதயத்தின் உச்சத் துடிப்பு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் இறங்குகிறது. திடீர் வேகத்துக்குப் பயன்படும் தசை நார்கள் மெலிகின்றன. இன்று கசக்கிப் பிழிந்த உடல் நாளைக் காலைக்குள் மீள்வதும் மெதுவாகிறது.

ஆனால், எல்லாம் ஒரே வேகத்தில் சரிவதில்லை. உச்சத் திறனில் எத்தனை பங்கை மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியும் என்பதும், ஒரே சக்தியில் எவ்வளவு சிக்கனமாக மிதிக்க முடியும் என்பதும் நீண்ட காலம் நிலைக்கின்றன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யாருடைய முதுகுக்குப் பின்னால் ஒதுங்கலாம், எந்த வளைவில் பிரேக்கைத் தொடக்கூடாது என்ற அறிவு வயதோடு கூடவே செய்கிறது. அதனால்தான் பிரான்ஸின் ரேமோன் பூலிதோர் 1976-ல் 40 வயதில் டூரில் மூன்றாம் இடம் பிடித்தார். நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க் 1985-ல் 38 வயதில் உலக சாம்பியன் ஆனார். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. டூரை ஐந்து முறை வென்ற எடி மெர்க்ஸ், பெர்னார் ஈனோ, மிகேல் இந்துராயின் மூவரும் 32 வயதில் பந்தயத்தைவிட்டு விலகியவர்கள். பூலிதோரின் உடலுக்கும் மெர்க்ஸின் உடலுக்கும் பொதுவான காலண்டர் எதுவும் இல்லை.

பிறந்த தேதியைவிடப் பந்தய வயது முக்கியம். நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் கால்பந்தாடி முழங்கால் காயம்பட்ட பிறகுதான் சைக்கிள் பந்தயத்துக்கு வந்தார். 2022-ல் 39 வயதில் பெண்கள் டூர் டி பிரான்ஸை வென்றார். அதே ஆண்டு முழங்கை எலும்பு முறிவோடு உலக சாம்பியனும் ஆனார். ஸ்லோவேனியாவின் பிரிமோஷ் ரோக்லிச், பனிச்சறுக்குத் தாண்டலைக் கைவிட்டு இருபதுகளில் சைக்கிளுக்கு மாறியவர். 34 வயதில் நான்காவது முறையாக வுவெல்டாவை வென்றார். பதினைந்து வயதிலிருந்து பந்தயத்தில் உருண்டவரின் உடலும் இவர்களின் உடலும் ஒரே அளவு தேய்ந்திருக்காது.

தளர்ச்சி என்று நாம் பெயர் சூட்டுவது பல நேரம் நோயாகவோ விபத்தாகவோ இருக்கிறது. பிரிட்டனின் மார்க் கேவண்டிஷ் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்கும் மனச்சோர்வுக்கும் ஆளாகிப் பல பருவங்களை இழந்தார். முப்பத்தைந்தை நெருங்கியவருக்கு இனி மீட்சி இல்லை என்றே பேசிக்கொண்டார்கள். 2021 டூரில் நான்கு கட்டங்களை வென்று திரும்பினார். 2024 ஜூலை 3 அன்று, 39 வயதில், தன் 35-வது கட்ட வெற்றியைப் பெற்று மெர்க்ஸின் சாதனையைக் கடந்தார். அவருடன் ஒரே ஆண்டில், ஒரு நாள் முன்னதாகப் பிறந்த கிறிஸ் ஃப்ரூமின் கதை வேறு. டூரை நான்கு முறை வென்ற அவர், 2019 ஜூனில் பந்தயப் பாதையை ஒத்திகை பார்க்கும்போது சுவரில் மோதினார். தொடையெலும்பு, முழங்கை, விலா எலும்புகள் முறிந்தன. பழைய ஃப்ரூம் அதன் பிறகு திரும்பவில்லை. அவர் வீழ்ச்சியை வயதின் கணக்கில் எழுதுவது பிழை. ‘மருந்தை நிறுத்தியதால் சரிந்தார்’ என்று கைபோன போக்கில் எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.

வயதாகிவிட்டது என்று நம்பவைக்கப்பட்டவர்கள்

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு தரப்பு உண்டு. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூரை வென்றவர். நடுவே 1987-ல் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். 1991-ல் அவருக்கு வயது 30. மூன்றாண்டுகளில் மூன்றாவது பட்டத்தை எதிர்பார்த்து வந்தவர் ஏழாம் இடத்தில் முடித்தார். அடுத்த ஆண்டு பாதியில் விலகினார். 1994-ல் ஓய்வை அறிவித்தபோது, தசைச் செல்களைப் பாதிக்கும் ஒரு நோய் தனக்கு இருப்பதாகச் சொன்னார். உடலில் தங்கிவிட்ட ஈயக் குண்டுகளா, நோயா, வயதா என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டுகளில் பந்தயத்துக்குள் நுழைந்த வேறொரு காரணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச அப்போது ஆளில்லை.

அந்தக் காரணத்தின் பெயர் ஈபிஓ. ரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடும் ஹார்மோன் அது. அதன் செயற்கை வடிவம் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 1980-களின் இறுதியில் மருந்தாக வந்தது. சிவப்பணு கூடினால் தசைக்குப் போகும் ஆக்ஸிஜனும் கூடும். சைக்கிள் வீரருக்கு வேறென்ன வேண்டும்? பிடிக்கச் சோதனையே இல்லாமல் பத்தாண்டு ஓடியது. 1997-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. தாண்டினால் இரண்டு வாரம் ஓய்வு; அவ்வளவுதான். அந்த வரம்பு எல்லைக்கோடாக இருப்பதற்குப் பதில் இலக்காகிப்போனது. ஈபிஓ-வை நேரடியாகக் கண்டறியும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பத்தாண்டில் வயதின் இலக்கணமே தலைகீழானது. டென்மார்க்கின் பியார்னே ரீஸ் இருபதுகளில் பெரும்பாலும் பிறருக்கு உழைக்கும் துணை வீரர். 1996-ல் 32 வயதில் டூரை வென்றார். தாமதமாகப் பழுத்தவர் என்று அன்றைக்குப் புகழப்பட்டார். 1993 முதல் 1998 வரை ஈபிஓ எடுத்ததாக 2007-ல் அவரே ஒப்புக்கொண்டார். இன்னொரு பக்கம், 1989 டூரை லெமாண்டிடம் வெறும் 8 விநாடியில் இழந்த பிரான்ஸின் லோரான் ஃபின்யோன், தன் கடைசி ஆண்டுகளில் நடுத்தர வீரர்கள்கூடத் தன்னை மலைகளில் தாண்டிச் சென்றதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஃபின்யோனைப் புனிதராக்க வேண்டியதில்லை. தன் காலத்தின் ஆம்ஃபெட்டமைனையும் கார்டிசோனையும் தொட்டதை அதே புத்தகத்தில் அவர் மறைக்கவில்லை. ஆனால், பழைய மருந்துக்கும் புதிய மருந்துக்கும் இருந்த தூரம் அவரைச் சட்டென்று ‘கிழவர்’ ஆக்கியது.

ஊக்கமருந்து திருடியது கோப்பையை மட்டும் என்று நினைக்கிறோம். தன் உடலைப் பற்றித் தனக்கே இருந்த நம்பிக்கையையும் அது பலரிடமிருந்து பறித்தது. மருந்தைத் தொடாமல் பின்தங்கியவர், ‘நமக்கு வயதாகிவிட்டது’ என்று வீட்டுக்குப் போனார். மருந்தால் முன்னேறியவர், ‘முப்பதுக்கு மேல்தான் உச்சம்’ என்று பேட்டி கொடுத்தார். இந்த இரண்டு பொய்களும் சேர்ந்துதான் வீரரின் உச்ச வயது எது, சரிவு வயது எது என்ற நம் பொதுப்புத்தியை உருவாக்கின. கறைபட்ட அந்தக் கணக்கேட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஹார்னரையும் பொகாச்சாரையும் அளக்கிறோம்.

சந்தேகம் சும்மா வரவில்லை

இவ்வளவு சொன்னபின், ரசிகர்கள் ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்று கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. சந்தேகம் இந்த விளையாட்டு தன் கையாலேயே சம்பாதித்த சொத்து. டூர் தொடங்கியது 1903-ல். 1924-லேயே பெலிசியே சகோதரர்கள் பந்தயத்திலிருந்து விலகி, பத்திரிகையாளர் ஆல்பெர் லோந்த்ரிடம் தங்கள் பையிலிருந்த கொக்கெய்ன், குளோரோஃபார்ம், மாத்திரைகளை எடுத்துக் காட்டினார்கள். 1967 ஜூலை 13 அன்று மோன் வான்து மலையில் பிரிட்டனின் டாம் சிம்ப்ஸன் 29 வயதில் சுருண்டு விழுந்து இறந்தார். உடலில் ஆம்ஃபெட்டமைன் இருந்தது. 1998-ல் பெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் கார் நிறைய மருந்துகளோடு எல்லைச் சுங்கத்தில் பிடிபட்டார். 2006-ல் ஸ்பெயின் காவல் துறை, மருத்துவர் ஃபூவென்டெஸின் குளிர்பெட்டிகளிலிருந்து ரத்தப் பைகளை அள்ளியது.

எல்லாவற்றுக்கும் சிகரம் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். புற்றுநோயிலிருந்து மீண்டு, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு டூர் பட்டங்கள். நூற்றுக்கணக்கான சோதனைகளில் சிக்கவில்லை என்பதையே நேர்மைச் சான்றிதழாகக் காட்டிவந்தார். 1999-ல் மருந்துப் பழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிரெஞ்சு இளைஞர் கிறிஸ்டோஃப் பாஸ்ஸோனை, பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிரட்டினார். பாஸ்ஸோன் அந்த டூரிலிருந்தே வெளியேறினார். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தன் ஆதார அறிக்கையை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் டூரின் பட்டியலில் இன்றுவரை வெற்றியாளர் பெயர் கிடையாது.

37 வயதில், 2009-ல் திரும்பி வந்து மூன்றாம் இடம் பிடித்தார் ஆம்ஸ்ட்ராங். பட்டம் வென்ற ஆண்டுகளில் மருந்து எடுத்ததை 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டவர், இந்த மறுவருகையில் மட்டும் தொடவில்லை என்று சாதித்தார். 2009, 2010 ஆண்டுகளின் ரத்த அளவுகள் அதற்கு எதிராகப் பேசுகின்றன என்பது முகமையின் நிலை. முதிய வயதின் சாதனை என்று கைதட்டுமுன் ரசிகர் ஒரு நொடி தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று யோசிக்க வேண்டும்.

‘இழந்ததைத்தானே மீட்கிறேன்?’

முதிய வீரரை மருந்தின் பக்கம் தள்ளும் காரணங்களையும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். சாலைப் பந்தயத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓரிரு ஆண்டுக்கானவை. முப்பத்துமூன்று வயதுத் துணை வீரர் ஒரு பருவம் சறுக்கினால் அடுத்த ஒப்பந்தம் இல்லை. கைத்தொழில் வேறு தெரியாது. காயம் ஆறுவதற்கு முன் பந்தயம் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் டெஸ்டோஸ்டீரோனும் வளர்ச்சி ஹார்மோனும் ஓர் இனிய சமாதானத்தோடு வருகின்றன. நான் ஏமாற்றவில்லை, வயது பறித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் அந்தச் சமாதானம்.

இந்த வாதம் செல்லாது. அருகில் மிதிப்பவருக்கும் அதே வயது, அதே வலி. மருந்தில்லாமல் தளர்ச்சியை ஏற்றுக்கொண்டவரின் இடத்தைத்தான் இவர் பிடுங்குகிறார். ஆனாலும் இந்தச் சமாதானத்தின் கவர்ச்சி சம்பளத்துக்கு ஓட்டுபவர்களோடு நிற்பதில்லை. 2012-ல் நியூயார்க்கில் நடந்த பெரும் பொதுமக்கள் சைக்கிள் ஓட்டத்தில் இரண்டு பேர் ஈபிஓ எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

அதே வேளை, சோதனையின் முடிவையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாது. 2018-ல் அமெரிக்க மூத்தோர் போட்டியில் கலந்துகொண்ட 90 வயது வீரர் ஒருவரின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டின் எச்சம் தென்பட்டது. முதல் நாள் இரவு உண்ட இறைச்சியிலிருந்து அது வந்திருக்கலாம் என்று விசாரணை ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கையோடு விட்டார்கள். தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு அது ‘90 வயது ஊக்கமருந்துக்காரர்’ கதையாகவே தங்கிவிட்டது.

தண்டனை முடிந்து வந்தவர்களை என்ன செய்வது என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வல்வெர்தே, ஃபூவென்டெஸ் விவகாரத்தில் ரத்தப் பையோடு மரபணு ஒத்துப்போனதால் இரண்டு ஆண்டு தடை பெற்றவர். 2012-ல் திரும்பினார். முப்பதுகளின் நடுவில் முன்பைவிடக் கூடுதலாக வென்றார். 2018-ல் 38 வயதில் உலக சாம்பியன். இத்தாலியின் தாவிதே ரெபெல்லின், 2008 ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கத்தை மருந்தால் இழந்தவர். தடை முடிந்து வந்து 51 வயது வரை தொழில்முறைப் பந்தயங்களில் ஓட்டினார். 2022 நவம்பரில், ஓய்வுபெற்ற சில வாரங்களில், சாலையில் லாரி மோதி இறந்தார். இவர்களுடைய பிற்கால வெற்றிகளை முற்றிலும் சுத்தம் என்று சத்தியம் செய்யவும் முடியாது. பழைய குற்றத்தைக் காட்டி அழிக்கவும் முடியாது. தண்டனைக்கு ஒரு கால அளவு உண்டென்றால், அது முடிந்ததும் முடிந்தது என்ற சட்டத்தின் ஒழுங்கை மதித்தே ஆக வேண்டும்.

இளமையும் இப்போது கூண்டில்

2011-ல் ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் டூரை வென்றபோது வயது 34. 2012-ல் பிராட்லி விக்கின்ஸ் 32. 2017-ல் ஃப்ரூம் 32. 2018-ல் கெரைன்ட் தாமஸ் 32. அதற்கு அடுத்த ஆண்டு கொலம்பியாவின் ஏகன் பெர்னால் 22 வயதில் வென்றார். 2020-ல் பொகாச்சார் 21 வயதில் வென்றார். அதிலிருந்து 2025 வரை டூர் வெற்றியாளர்களில் 26-ஐத் தாண்டியவர் எவருமில்லை. ஏறக்குறையப் பத்து வயது ஒரே தாவலில் இறங்கிவிட்டது.

இதற்கு மருந்து தேவையில்லாத காரணங்கள் நிறைய உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் எத்தனை வாட் சக்தி செலவாகிறது என்று அளக்கும் கருவி இப்போது பள்ளி வயது வீரரின் சைக்கிளிலும் இருக்கிறது. முன்பு பத்து ஆண்டு அனுபவத்தில் கற்றதைப் பதினெட்டு வயதில் எண்ணாகப் படித்துவிடுகிறார்கள். மணிக்கு 60 கிராம் சர்க்கரைச்சத்துக்கு மேல் வயிறு தாங்காது என்ற பழைய கணக்கு போய், இன்று 90 முதல் 120 கிராம் வரை உட்கொண்டபடி ஓட்டுகிறார்கள். காற்றைக் கிழிக்கும் உடை, டயர், சக்கரம் எல்லாம் மாறிவிட்டன. ஆகவே, பந்தானியின் நேரத்தோடு பொகாச்சாரின் நேரத்தை நேருக்கு நேர் வைப்பது பாதி உண்மைதான். காற்றின் திசை, அன்றைய அணித் தந்திரம், ஏற்றத்துக்கு முன் ஓட்டிய தூரம் ஆகியவற்றைக் கழிக்காமல் ஒரு கடிகாரம் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. விதிக்கும் விதிமீறலுக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிறப் பகுதி விரிந்துகொண்டே போகிறது. வலிநிவாரணியான டிராமடோலை யூசிஐ 2019-ல் தடைசெய்தது. 2022 டூரில் ஆறாம் இடம் பிடித்த நைரோ கின்டானா அதனால் தன் இடத்தை இழந்தார். உயரமான மலைப் பயிற்சியின் பலனை அளக்கப் பயன்பட்ட கார்பன் மோனாக்சைடு வாயுவை, பலனைக் கூட்டவே சுவாசிக்கலாம் என்ற அச்சம் எழுந்து, 2025-ல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. விதி எப்போதும் பின்னால்தான் ஓடிவருகிறது.

இளமையின் இந்த அவசரத்துக்கு விலையும் உண்டு. ஜெர்மனியின் மார்செல் கிட்டெல், நெதர்லாந்தின் டாம் டுமுலன் இருவரும் 31 வயதில் போதும் என்று விலகினார்கள். இருபத்தோரு வயதில் உச்சம் தொட்டவர் முப்பதில் எப்படி இருப்பார் என்பதற்கு இன்னும் விடையில்லை. அன்று அவர் மெதுவானால், ‘மருந்து தீர்ந்துவிட்டது’ என்று சொல்ல ஒரு கூட்டம் தயாராக நிற்கும்.

எது சாட்சி?

வயது சாட்சியல்ல என்றால், வேறு எது? வரலாறே விடை சொல்லியிருக்கிறது. பெஸ்டினாவைப் பிடித்தது சுங்கத் துறை. ஃபூவென்டெஸைப் பிடித்தது காவல் துறை. ஆம்ஸ்ட்ராங்கை வீழ்த்தியவை ஃப்ளாய்ட் லேண்டிஸ் தொடங்கி 11 முன்னாள் சக வீரர்களின் வாக்குமூலங்கள். 2019-ல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர மருத்துவர் ஒருவரின் ரத்த வியாபாரம் அம்பலமானது, ஆஸ்திரிய பனிச்சறுக்கு வீரர் ஒருவர் தொலைக்காட்சியில் உண்மையைச் சொன்னதால். பெரிய மீன்கள் சிக்கியதெல்லாம் மனிதர்கள் பேசியபோதும் கதவுகள் தட்டப்பட்டபோதும்தான். சிறுநீர்க் குப்பியின் பங்கு சிறிது.

ஆய்வகத்தின் பங்கில் மிகச் சிறந்தது 2008-ல் யூசிஐ கொண்டுவந்த உயிரியல் பாஸ்போர்ட். மருந்தை நேரடியாகத் தேடாமல், ஒரு வீரரின் ஹீமோகுளோபின், இளம் சிவப்பணு அளவுகளை ஆண்டுக்கணக்கில் குறித்து, இயல்பு மீறி அவை ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும் முறை இது. இதன் அழகு, ஒருவரை அவருடைய வயதுக்காரர்களோடு ஒப்பிடாமல் அவரோடு அவரையே ஒப்பிடுவதில் இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் இதில் ஒரே நீதி.

இதற்கும் எல்லை உண்டு. சிறுகச் சிறுக மருந்தேற்றினால் கோடுகள் பெரிதாக அசையாது. மறுபுறம், செக் வீரர் ரோமன் க்ராய்ட்சிகரின் அளவுகளைச் சந்தேகித்து 2014-ல் வழக்குத் தொடுத்த யூசிஐயும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவும், அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு விசாரணைக்கு முன் வழக்கைத் திரும்பப் பெற்றன. வல்லுநர்களே தடுமாறும் அந்த வரைபடங்களை, ஹார்னர் விஷயத்தில் நடந்ததுபோல் அரைகுறையாகப் படித்துத் தீர்ப்பெழுதுவது நீதியல்ல.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இன்று எடுக்கும் மாதிரிகளை நாளைய கருவிகளால் மறுபடி சோதிப்பதற்காகப் பத்து ஆண்டு வரை பாதுகாக்க விதி இடம் கொடுக்கிறது. எல்லா முன்னணி வீரர்களின் மாதிரிகளும் அப்படிக் காக்கப்பட வேண்டும். ஃபூவென்டெஸின் ரத்தப் பைகளை ஒப்படைக்க ஸ்பெயின் நீதிமன்றம் 2016-ல் அனுமதித்தபோது வழக்குத் தொடுக்கும் காலக்கெடு கடந்திருந்தது. அந்தக் கதை திரும்பக் கூடாது. பாஸ்ஸோன்களை மிரட்டுபவர்கள் பந்தயத்தில் ஒரு நாள்கூட நீடிக்க முடியாது என்ற பாதுகாப்பு, உண்மை பேசுபவர்களுக்குக் கிடைக்க வேண்டும். மருந்து கொடுத்த மருத்துவரும் அணி மேலாளரும் வீரரோடு சேர்த்துத் தண்டிக்கப்பட வேண்டும். ரீஸ் தன் வாக்குமூலத்துக்குப் பிறகும் அணி முதலாளியாகத் தொடர முடிந்தது இந்த விளையாட்டின் பலவீனம். முப்பதைத் தாண்டிய துணை வீரர்களுக்கு நீண்ட ஒப்பந்தமும் ஓய்வுக்குப் பின் ஒரு பிழைப்பும் உறுதியானால், கடைசி நேர ஊசிக்கான தூண்டுதல் பாதியாவது குறையும்.

பத்திரிகைகளுக்கும் ரசிகர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சந்தேகப்படுவது நம் உரிமை. அதை யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. அடுத்த ஜூலையில் 21 வயதுக்காரர் ஒருவரோ 38 வயதுக்காரர் ஒருவரோ ஆல்ப்ஸ் மலையில் எல்லோரையும் உதறிவிட்டுப் போனால், அவர் பிறந்த ஆண்டைத் தேடாதீர்கள். அவருடைய மாதிரி சேமிக்கப்பட்டிருக்கிறதா, அணி மருத்துவரின் பின்னணி என்ன, அணிக்குள் வாய்திறப்பவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று யூசிஐயையும் அணிகளையும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆதாரம் வரும்வரை அந்த வீரர் குற்றமற்றவர்.